மேலை பிடிக்க ஒராள் வேணும்

வெக்ஸ்போர்ட்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிஞ்ச மத்தியானம்

பச்சைப் பொய். நான் மருமோனோடை சேந்து வீட்டுக்கை ஆமிக் காம்ப் போடேல்லை. அப்பிடியெண்டு உம்மடை தங்கச்சி செலீனுக்குச் சொன்னீராம். செலீன் எங்கடை மகள் ஸ்டெபனிக்குப் போனிலை சொல்ல, ஸ்டெபனி என்னைக் கிழி கிழியெண்டு கிழிச்சுப்போட்டாள். நாங்கள் பூட்டினது நாலு போல்ற். அது காம்ப் எண்டால், உம்மடை அலுமாரிக்கு நான் கைபிடி பூட்டினதும் காம்ப்தான்.

சரி, முறையாத் தொடங்குறன். அன்புள்ள பேர்ணடெற்றுக்கு உம்மடை புருசன் நீக்கிலாஸ் எழுதிக்கொள்ளுறது. எழுதுறது எண்டால் வாயாலை. கண் ஒப்பரேசன் செய்த டொக்டர் இன்னும் கொஞ்ச நாளைக்கு எழுத வாசிக்க வேண்டாமெண்டிட்டார். ஒப்பரேசனுக்கு முதல் என்னத்தை எழுதிக் கிழிச்சனீங்கள் எண்டு நீர் கேப்பீர், தெரியும். அதாலை சுலக்சன்தான் எழுதுறான். ஓம், நீர் கோவிச்சுக்கொண்டு ஒஷாவாவிலை செலீன் வீட்டுக்குப் போகக் காரணமான அதே மருமோன்தான். சொல்லுறதை ஒண்டும் விடாமல் எழுதுவன் எண்டு மாதா படத்துக்கு முன்னாலை சத்தியம் வாங்கிப்போட்டுத்தான் இருத்தினனான். இப்ப அவன்ரை முகம் ஒரு மாதிரிப் போகுது. எழுதும் தம்பி, அதையும் எழுதும்.

நான் நல்ல சுகம். உப்பும் உறைப்பும் அளவாப் போட்டு நானே சமைக்கிறன். நீர் வைச்சிட்டுப் போன மான் இறைச்சிக் கறி முடிஞ்சு, சட்டியையும் பாணாலை வழிச்சாச்சு. பிறசர் குளிசை ஒழுங்காப் போடுறன். யன்னலடியிலை நிக்கிற கறிவேப்பிலைக் கண்டுதான் இலையைக் கொட்டுது. அது உம்மைத் தேடுது போலை. நான் தேடேல்லை. கட்டிலிலை குறுக்கை படுக்கிறன், போர்வைக்கு ஒருத்தரும் இழுபறிப்படுறேல்லை, நல்ல சந்தோசம். ஆனால் நித்திரைதான் வருகுதில்லை.

செலீனும் பக்கத்திலையிருந்து வாசிப்பா, அதாலை நாங்கள் பூட்டின மிசினைப் பற்றியும் சொல்லிவிடுறன். நாங்கள் பீரங்கி செய்யிறமெண்டு அவ ஒஷாவா முழுக்கச் சொல்லித் திரியப் போறா. செலீன் பிள்ளை, சுலக்சன் லைசென்ஸ் எடுத்து, இலையுதிருற காலத்திலை வேலையிடத்துப் பெடியளோடை வடக்கை மான் சுடப் போறவன். கடையிலை தோட்டா விக்கிற விலையிலை, சுட்டு முடிஞ்ச வெறுங்கோதுகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து தானே திருப்பி அடைக்கிறான். அதுக்குத்தான் அந்த மிசின். பாக்க எங்கடை இடியப்ப உரலுக்கு நீட்டுக் கைபிடி வைச்ச மாதிரி இருக்கும். சுட்டு வீங்கின கோதை வைச்சுக் கைபிடியை இழுத்தால், அமத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும். வெடிமருந்தெல்லாம் பூட்டுப் போட்ட பெட்டிக்கை, திறப்பு அவன்ரை இடுப்பிலை.

பேஸ்மென்றிலை பழைய கதவைப் போட்டுச் செய்த வேலை மேசை எங்களிட்டை இருக்குத்தானே. முதல்நாள் மிசினை அதிலை சும்மா வைச்சுப்போட்டு இழுத்தான். மேசையும் சேந்து எழும்பி வந்துது. உம்மடை மிளகாய்த்தூள் போத்தில் உடைஞ்சு நாங்கள் எல்லாரும் தும்மித் தள்ளினது அண்டைக்குத்தான். பிறகு மேசையைச் சுவர் மரத்தோடை சேத்து இறுக்கி, கால் நிக்கிற இடத்துக்கு நேர மேலை மிசினை வைச்சு, பலகையைத் துளைச்சு போல்ற் விட்டம். அதிலை ஒரு வில்லங்கம் இருக்கு. கீழை நட்டைச் சுத்தினால் மேலை போல்ற்றும் சேந்து சுத்தும். மேலை பிடிக்க ஒராள் வேணும். மருமோன் மேசைக்குக் கீழை மல்லாந்து படுக்க, மாமன் மேலை ஸ்பானரோடை நிண்டன். கலியாணம் கட்டின நாளிலையிருந்து அவன் எனக்குக் கீழை இருந்தது அண்டைக்கு மட்டும்தான்.

அப்ப நீர் கோவிக்கேல்லை. தேத்தண்ணியும் மீன் ரோல்சும் கொண்டுவந்து தந்துபோட்டு, ரெண்டு விசரரும் விரலை நசிச்சுப்போடாதேங்கோ எண்டுதான் சொன்னனீர். மானைக் காய்ச்சித் தந்தவவும் நீர்தான். அதாலை பிள்ளையளுக்கு ஒண்டும் விளங்கேல்லை. அம்மாவுக்குத் துவக்கு எண்டால் பயமாம், ஸ்டெபனி சொல்லுறாள். மாமிக்கு என்னைப் பிடிக்கேல்லையாம், இவன் சொல்லுறான். ஏன் தம்பி நிப்பாட்டிப்போட்டீர்? சொன்னனீர்தானே, எழுதும். சொல்லிப்போட்டு அண்டைக்குச் சாப்பிடாமல் படுத்ததையும் எழுதும்.

இஞ்சாரும் பேர்ணடெற். உம்மடை தம்பி யூட்டைப் பற்றிப் பிள்ளையளுக்குச் சொல்லாதேங்கோ எண்டு கலியாணம் கட்டின காலத்திலையிருந்து சொல்லுறீர். நானும் சொல்லேல்லை. இப்பவும் சொல்லேல்லை. பெஞ்சாதிக்குக் கடிதம் எழுதுறன், அவ்வளவுதான். எழுதுறவனைக் காதைப் பொத்திக்கொண்டு எழுதும் எண்டு சொல்ல ஏலுமே? உந்தக் கோவத்தைப் பிறகு நேரை வந்து என்னிலை காட்டும்.

கோவிச்சுக்கொண்டு போன அண்டைக்கு நீர் மேலை குசினியிலை மாக் குழைச்சுக்கொண்டு நிண்டனீர். இவன் கீழையிருந்து கோது துடைச்சவன். உள்ளுக்கை தூசி நிக்குதெண்டு ஒண்டை எடுத்து வாயிலை வைச்சு ஊதியிருக்கிறான். விசிலடிச்சுது. நீர் கையெல்லாம் மாவோடை, செருப்பும் போடாமல், வாறன் வாறன் எண்டுகொண்டு படியாலை ஓடி இறங்கினீர். மாமி தன்னைப் பேசத்தான் ஓடி வாறா எண்டு இவன் நினைச்சான்.

ஊரிலை யூட் ரியூசன் முடிஞ்சு பிந்தி வந்தால், அப்பர் எழும்பிப்போடுவார் எண்டு பேர் சொல்லிக் கூப்பிடமாட்டான். ரோட்டிலை பொறுக்கின கோதொண்டைப் படலையடியிலை நிண்டு ஊதுவான். நீர் வாறன் வாறன் எண்டு மெல்லமாச் சொல்லிக்கொண்டு போய்த் திறப்பீர். பிறகு சுத்திவளைப்பு நடக்கேக்கை, வந்த ஆமிக்காரங்கள் அவன்ரை பொக்கற்றுக்கை அந்தக் கோதைக் கண்டாங்கள். அது வெறுங்கோது ஐயா, ஒண்டும் செய்யாது எண்டு உம்மடை அம்மா அவங்களின்ரை காலிலை விழுந்தவா. விடேல்லை, பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். பிறகு அவன் வரவேயில்லை. எனக்கு மச்சானைப் படத்திலைதான் தெரியும்.

இப்ப சுலக்சன் இதொண்டும் தெரியாமல் செய்ததைச் சொல்லுறன். நீர் படியடியிலை நிண்டு, உதுகளைக் கொண்டுபோய் எறியும் எண்டனீர். இவன் சிரிச்சுக்கொண்டு என்ன சொன்னவன்? வெறுங்கோது மாமி, ஒண்டும் செய்யாது எண்டவன். நீர் கையைக் கூடக் கழுவாமல் ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு

இனி எழுதுறது நான். எழுத்தைப் பாத்தாலே விளங்கும், கோழி கிளறினது. டொக்டருக்குச் சொல்லிப்போடாதையும். பெடியன் பேனையை வைச்சிட்டு எழும்பிப் போட்டான். இன்னும் முடியேல்லை தம்பி எண்டு கத்தினன். திரும்பியும் பாக்கேல்லை. மாதாவுக்குச் செய்த சத்தியமும் போச்சு.

கீழை ஸ்பானர் சத்தம் கேக்குது. தனிய மிசினைக் கழட்டப் பாக்கிறான். மூக்கை உறிஞ்சுற சத்தமும் கேக்குது. பேஸ்மென்ற் குளிர் எண்டு வைச்சுக்கொள்ளும். கூப்பிடுவான் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன், கூப்பிடுறானில்லை.

பின்னேரம் ஸ்டெபனி இந்தக் கடிதத்தையும் உம்மடை குளிசையளையும் கொண்டு வருவாள். நாளைக்கு அவன் கார் கொண்டு வருவான். உள்ளுக்கு வரமாட்டான், அவனுக்கு முகமில்லை. செலீன் வீட்டு வாசலிலை நிண்டு கோர்ண் அடிப்பான். நீர் வழமை போலை வாறன் எண்டு சொல்லும். சொல்லிக்கொண்டு வந்து கதவைத் திறவும். இந்த முறை வெளியிலை ஒருத்தன் நிப்பான்.

மாதா உம்மை என்னட்டை விரைவாக் கொண்டுவந்து சேக்கட்டும். கறிவேப்பிலைக்குத் தண்ணி விடுறன்.

நான் கீழை போக வேணும். மேலை பிடிக்க ஆளில்லாமல் அந்த நட் கழராது.

உம்மடை
நீக்கிலாஸ்