குவாசரும் சுஹைபின் வண்டியும்

நீடாமங்கலம்

இளம்பரிதி அவர்களுக்கு,

உங்கள் மனைவி செந்தாமரை எழுதுவது. ‘அன்புள்ள’ என்று தொடங்கித்தான் பழக்கம். இன்று கை வரவில்லை. போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் ஜெர்மனிக்குத் தபால்.

ராப்பகலாக நீங்கள் வானத்தில் ஆராயும் அந்தக் குவாசர் சௌக்கியமா? அதற்கு ஒரு குறையும் வைத்திருக்க மாட்டீர்கள்.

ஆற்றில் தண்ணீர் வந்து நடவு முடிந்துவிட்டது. மேட்டு வயலுக்குத்தான் இன்னும் ஏறவில்லை. உங்கள் அம்மா எழுதச் சொன்னதால் இந்த வயல் சேதி.

நீங்கள் ஊருக்கு வருவதற்குள் நான் பாபநாசத்தில் அப்பா வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று அனுப்பிய மெசேஜை அத்தையிடம் காட்டவில்லை. சுஹைபின் வண்டி இரவு முழுக்க நம் வாசலில் நின்றதாம், துரைராசு சித்தப்பா பார்த்தாராம். வரப்புத் தகராறுக்குப் பிறகு நம் படி மிதிக்காத மனிதர் சொன்னது உங்களுக்கு வேதவாக்கு. சுஹைப் உங்களோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அவரையும் சேர்த்துத்தான் அசிங்கப்படுத்தியிருக்கிறீர்கள்.

வண்டி நின்றது உண்மை. கதவில் பூட்டு தொங்கியதும் உண்மை. அதைச் சித்தப்பா பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் அத்தை கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தூக்க ஆளில்லாமல் சுஹைபைக் கூப்பிட்டேன். வண்டியைப் போட்டுவிட்டு எங்களோடு ஆம்புலன்ஸில் ஏறியவர், ஆபரேஷன் முடியும்வரை தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். அவர் மனைவி பர்வின்தான் எங்களுக்குச் சோறு கொண்டுவந்தார். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“அவனுக்குச் சொல்லிடாத தாமரை. டெலஸ்கோப்புல பாக்க நேரம் கெடச்சிருக்குன்னான். போட்டது போட்டபடி ஓடியாந்துடுவான்.”

நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே, வயலில் நிற்பதாக அவர்கள் உங்களிடம் போனில் பேசினார்கள். நீங்களும் நம்பினீர்கள்.

கல்யாணமான புதிதில் நீங்கள்தானே சொன்னீர்கள்? தொலைதூரக் குவாசரிலிருந்து பீய்ச்சியடிக்கும் ஜெட் என்ற கதிர்த்தாரை எக்ஸ்ரே தொலைநோக்கியில் பளிச்சென்று தெரியும், ரேடியோவில் பார்த்தால் அதே இடம் இருட்டாக இருக்கும், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வாயைத் திறக்கக் கூடாது என்று. எக்ஸ்ரேயில் தெரிந்த ஒரு புள்ளி ஜெட்டைச் சேர்ந்ததா, பின்னால் இருக்கும் வேறொன்றா என்று உறுதி செய்ய, ரேடியோ தொலைநோக்கிக்கு எழுதி எழுதி வருடக்கணக்கில் காத்திருந்தீர்கள். அந்தப் புள்ளிக்கு அவ்வளவு பொறுமை. கட்டியவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

அத்தை கம்பு இல்லாமல் நடக்கும்வரை நான் இங்கேதான் இருப்பேன். நீங்கள் விரட்டினாலும் போவதாக இல்லை. அதற்குப் பிறகு, நீங்கள் சொல்லாமலே போய்விடுவேன்.

விழுந்த விஷயம் தெரிந்ததாக அத்தையிடம் காட்டிக்கொள்ளாதீர்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஒருநாள் வந்து நிற்பீர்கள். வாசலில் என் செருப்பு இருக்காது. அப்போதாவது யாரிடமும் விசாரிக்காதீர்கள். பாபநாசம் ஒன்றும் தூரமில்லை. வந்து என்னிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
செந்தாமரை இளம்பரிதி
(இன்னும் அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறேன்)