வழிமொழிய ஒருவர்

மார்ச் 7, செவ்வாய்

காலையில் வீடு வீடாக வாக்குக் கேட்கும் வகுப்பு. வழக்கம்போல் மேடையில் ஒரு கதவை நிறுத்தி, அதன் பின்னால் வீட்டுக்காரனாக நின்றேன். புதுக் கூட்டம். ஒஹாயோ, டென்னஸி, கல்லூரி முடித்த கையோடு வந்தவர்கள். நாட்டை வலது பக்கம் திருப்பிவிடும் அவசரம் எல்லார் முகத்திலும். வரியைப் பற்றிப் பேசுகிறார்கள், பள்ளிப் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், இல்லாத என் நாயைத் தடவிக்கூடக் கொடுக்கிறார்கள். கடைசி வாக்கியம் மட்டும் வாயில் வரமாட்டேன் என்கிறது. "உங்க ஓட்டு எனக்கு உண்டா?" அவ்வளவுதான். அதை விட்டுவிட்டு நோட்டீஸைக் கையில் திணித்துப் படியிறங்கிவிடுகிறார்கள்.

ஒருவன் இறங்கியதும் கதவைத் திறந்து, "அப்புறம் எதுக்குய்யா வந்தே?" என்று கத்தினேன். சிரிப்பு. கேட்காமல் திரும்புகிறவன் அந்த வீட்டுக்குப் போகவே இல்லை என்று பலகையில் எழுதினேன்.

இடைவேளையில் ஒஹாயோப் பெண் கேட்டாள்: "டாக்டர் ரிட்னர், நீங்க எலெக்‌ஷன்ல நின்னிருக்கீங்களா?"

"இல்ல. யாராவது ஒருத்தர் சொல்லிக்கொடுக்கணுமே."

"ஓ" என்றாள்.

அந்த "ஓ" வீடு வரைக்கும் காரில் கூடவே வந்தது. டப்பா சூப்பைச் சுடவைத்துக் குடித்தேன். பாதி குடித்தேன்.

மார்ச் 11, சனி

எங்கள் பகுதியின் கவுண்டி (மாவட்ட) வாரிய உறுப்பினர் இந்த முறை நிற்கவில்லையாம். உள்ளூர்ப் பத்திரிகையில் படித்தேன். காபி ஆறும்வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் நான் நிற்கக் கூடாது?

சரித்திரத்தில் முனைவர் பட்டம் வாங்கினேன். என் அரசியல் தெரிந்ததும் எந்தப் பல்கலைக்கழகமும் இரண்டாம் முறை பேசக் கூப்பிடவில்லை. சரி என்று இந்த மையத்துக்கு வந்தேன். லாப நோக்கமற்ற அமைப்பு, நல்ல நோக்கம் கொண்ட அமைப்பு. இங்கே பயிற்சிக் கையேடு முழுவதையும் எழுதியவன் நான். முன்னுரையும் படமும் மார்ஷல் டெய்டனுடையவை. இயக்குநர் நாற்காலியும் அவனுடையதே ஆயிற்று. என் பழைய மாணவன் கோடி ஸ்ட்ரிக்லருக்குக் கையை எங்கே வைத்துக்கொண்டு பேசுவது என்பதிலிருந்து கற்றுக்கொடுத்தவன் நான். போன ஆண்டு விருந்தில் அவன் "எனக்கு எல்லாம் கொடுத்த இந்த மையத்துக்கு நன்றி" என்றான். கட்டடத்துக்கு நன்றி சொல்கிறான். நான் மூன்றாவது மேஜையில் இருந்தேன்.

கோடியும் இந்த இடத்துக்கு நிற்பான் என்கிறார்கள். நிற்கட்டும்.

மார்ச் 13, திங்கள்

மார்ஷலிடம் சொன்னேன். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினான்.

"ரொம்ப சந்தோஷம் ஹோவர்ட். ஆனா இந்தக் கட்டடத்துக்குள்ள அந்தப் பேச்சே வேண்டாம். நாம ஆளுங்களுக்குப் பயிற்சி குடுக்கறவங்க, ஆளுங்களை ஜெயிக்க வைக்கறவங்க இல்ல. யாராவது புகார் குடுத்தா வரிவிலக்கு போயிடும். உனக்கே தெரியும்."

தெரியும். அந்த அத்தியாயத்தையும் நான்தான் எழுதினேன்.

ஆகவே நாளை முதல் தாழ்வாரத்தில் எல்லாரும் என்னிடம் வானிலையும் பேஸ்பாலும் பேசுவார்கள். சட்டப்படி சரி. சட்டம் இல்லாவிட்டால் வேறு என்ன பேசியிருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

மார்ச் 25, சனி

சாலையோர உணவகத்தில் வெர்னன் டட்டில். உள்ளூர்க் கட்சிக் குழுவில் முப்பது வருடமாகக் கணக்கும் கோபமும் பார்க்கிற கிழவர். அவரே கூப்பிட்டார். அவரே சொன்னார்: "கோடி மாதிரிப் பிள்ளைகளுக்கு எல்லாம் தட்டுல வந்துடுது தம்பி. உன்னை நான் முன்மொழியறேன்."

எங்கள் கவுண்டியில் வேட்பாளரைப் பழைய முறையில்தான் தேர்ந்தெடுக்கிறோம். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தீயணைப்பு நிலையக் கூடத்தில் பொதுக்கூட்டம். ஒருவர் பெயரை முன்மொழிய வேண்டும், கூட்டத்திலிருந்து இன்னொருவர் எழுந்து வழிமொழிய வேண்டும். இரண்டு பேரும் இந்தப் பகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். வழிமொழிய ஆளில்லாத பெயர் அங்கேயே விழுந்துவிடும்.

"யாரு வழிமொழியறா?" என்றார் வெர்னன், பிஸ்கட் என்கிற மெத்தென்ற ரொட்டியின் மேல் இறைச்சிக் குழம்பை ஊற்றிக்கொண்டே.

"அந்தக் கூடத்துல பாதிப் பேர் என்கிட்ட படிச்சவங்க. யாராவது எந்திரிப்பாங்க."

"யாராவதுங்கறவரை நான் இது வரைக்கும் பார்த்ததில்ல தம்பி. ஒரு பேர் சொல்லு."

பேச்சை மாற்றினேன்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. தேவாலயத்திலிருந்து வரும் வழியில் வெட்டிய பன்றி இறைச்சி வாங்கினேன். ஒருவருக்கு என்று சிறிய பொட்டலமாகவும் விற்கிறார்கள்.

ஏப்ரல் 15, சனி

காலை முழுவதும் கதவு தட்டினேன். மனைவி கேரல் என்னை விட்டுப் போன பிறகு இத்தனை பேரோடு ஒரே நாளில் பேசியதில்லை. நன்றாகவே செய்கிறேன். பின்னால் ஓரடி தள்ளி நிற்பது, பெயரைச் சொல்வது, சாலையைப் பற்றி அவர்களைப் பேசவிடுவது, பிறகு நேராக: உங்கள் ஓட்டு எனக்கு உண்டா? ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. ஒரு பெண்மணி, "கேக்கற தைரியமாவது இருக்கே" என்று சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

பிறகு மேப்பிள் தெருவில் ஒரு வாசலில் ஆலன் கிராஃப்டின் காரைப் பார்த்தேன். என் மாணவன், நல்லவன், நான் எழுதிக்கொடுத்த சிபாரிசில் செனட்டர் அலுவலகத்தில் வேலைக்குப் போனவன். மணியில் விரலை வைத்தேன். எடுத்துவிட்டேன். அவனுக்கே தோன்ற வேண்டாமா?

முன்பின் தெரியாதவனிடம் கேட்பது தொழில். தெரிந்தவனிடம் கேட்பது பிச்சை. என்னால் முடியாது.

ஏப்ரல் 21, வெள்ளி

கார் நிறுத்துமிடத்தில் நடீன் பெட்டிட் என் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். மையத்தில் நன்கொடை திரட்டும் வகுப்பு அவளுடையது. கணவர் இறந்து நான்கு வருடம். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், ஆனால் நாங்கள் பேசிக்கொள்வது இங்கேதான்.

"இது கட்டடத்துக்கு வெளியதானே? இல்ல, தார் ரோட்டுக்கும் வரிவிலக்கு உண்டா?"

சிரித்தேன்.

"எப்போ உன் கூட்டம்?"

"மே ஆறு. சனிக்கிழமை."

"எனக்கு அன்னிக்கு ஒரு வேலையும் இல்ல" என்றாள். சொல்லிவிட்டு நின்றாள். சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"நல்லது. வெயில் அடிக்கும்னு சொல்றாங்க" என்றேன்.

"அப்படியா" என்றாள். போய்விட்டாள்.

எதற்காக நின்றாள்? பரிதாபமா? மார்ஷல் அனுப்பினானா, வேவு பார்க்க? வெயில் அடிக்கும் — என்னத்த பேசினேன் நான்.

மே 5, வெள்ளி

வெர்னன் ஃபோன் செய்தார். "ஆள் ரெடியா?"

"ரெடி" என்றேன்.

மே 6, சனி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இதை வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை.

தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். காபி, டோனட். பிரார்த்தனை, கொடி வணக்கம். கூடம் நிறைந்திருந்தது. ஆலன் கிராஃப்ட் இருந்தான், மனைவியோடு. பள்ளி வாரியத்தில் இருக்கும் ஜூடித் இருந்தாள். அவளுடைய முதல் பேச்சை வரி வரியாகத் திருத்தியவன் நான். எங்கு திரும்பினாலும் என் வகுப்பு முகங்கள். மனசுக்குள் ஒரு மாதிரி சூடு ஏறியது. இன்றைக்குப் பார்க்கலாம் என்று.

கோடியை முன்மொழிந்தார்கள். வழிமொழிய ஐந்தாறு பேர் ஒன்றாக எழுந்து, யார் முதலில் என்று சிரிப்பு.

பிறகு வெர்னன். கைத்தடியை ஊன்றி எழுந்து, என் பெயரை நன்றாகவே சொன்னார்.

"வழிமொழிகிறவர் உண்டா?" என்றார் கூட்டத் தலைவி.

யாரும் எழவில்லை.

ஆலன் ஜூடித்தைத் திரும்பிப் பார்த்தான். ஜூடித் பின்வரிசையைப் பார்த்தாள். பின்வரிசை காபிக் கோப்பைக்குள் பார்த்தது. நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. யாரோ எழுகிறார்கள் என்று நினைத்தேன். கால் மாற்றிப் போட்டார்கள். வெர்னன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"இரண்டாம் முறை கேட்கிறேன்" என்றார் தலைவி, மெல்ல.

கோடி எழுந்தான். போட்டியாளனே. "டாக்டர் ரிட்னரை நான் வழிமொழியறேன். எனக்குப் பேசக் கத்துக்குடுத்ததே அவர்தான்."

கைதட்டல் கூரையைத் தொட்டது. அவனுக்கு. என் பெயரைச் சொன்னதற்காக அவனுக்கு.

பிறகு அவரவர் வேட்பாளர் பக்கமாகச் சுவரோரம் போய் நிற்கச் சொன்னார்கள். எண்ண வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நான் கதவு தட்டியபோது சிரித்துச் சம்மதித்த பெண்மணி என் பக்கம் வந்து நின்றார். வெர்னனுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

வெளியே வரும்போது கோடி ஓடிவந்தான். "டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஏற்கனவே யாரையோ ஏற்பாடு பண்ணியிருப்பீங்க, அவர் எந்திரிப்பார்னுதான் எல்லாரும் உக்காந்திருந்தாங்க. நீங்களே அப்படித்தானே சொல்லிக்குடுப்பீங்க. ஆள் இல்லாம நீங்க வருவீங்கன்னு யாருக்குத் தோணும்?"

என் கையேட்டையே எனக்குப் படித்துக் காட்டுகிறான். "வாழ்த்துகள்" என்றேன். கை கொடுத்தேன். மன்னிக்க முடியாதது, அவன் பெருந்தன்மையாக நடந்துகொண்டதுதான்.

மே 8, திங்கள்

தாழ்வாரத்தில் எல்லாருக்கும் திடீரென்று ஃபோனில் முக்கியமான வேலை.

மாலை நடீன் காரைத் திறந்துகொண்டிருந்தாள். நேரே போனேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சனிக்கிழமை எங்க இருந்தே?"

"வீட்ல. ஜன்னல் துடைச்சேன்."

"ரெண்டு தெரு. என்கூடவே வந்திருக்கலாம்."

கதவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "ஹோவர்ட், நான் மத்தவங்ககிட்ட கேக்கறது எப்படின்னு பாடம் எடுக்கறவ. எனக்கு வேலை இல்லன்னு சொல்லிட்டு உன் முன்னாடி நின்னேன். இதுக்கு மேல ஒருத்தி என்ன பண்ணணும்? நீ வெயிலைப் பத்திப் பேசினே."

"உனக்கே தோணியிருக்கலாமே."

"தோணிச்சு. உனக்கு என் பேரு வேணுமான்னு தெரியலையே. கூப்பிடாத வீட்டுக்குப் பட்டு உடுத்திக்கிட்டுப் போற மாதிரி நான் போய் எந்திரிச்சு நிக்கணுமா? நீ யாரையும் கேக்க மாட்டே. ஆனா வராதவங்க பேரை மட்டும் வரிசையா மனசுல வச்சுக்குவே. அதுல என் பேரும் இப்போ இருக்கு, இல்லையா?"

இருந்தது.

"நாளைக்கு மழையாம்" என்றாள். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திமிர் பிடிச்சவ.

மே 9, செவ்வாய்

மழை.

மே 23, செவ்வாய்

அடுத்த மாணவர் குழு, அதே வகுப்பு, அதே கதவு. ஜார்ஜியாவிலிருந்து ஒரு பையன், கடைசி வாக்கியத்துக்கு முன்னால் நின்றுவிட்டான். வழக்கமாக இங்கேதான் கதவை அறைவேன், சிரிப்பு வரும். இன்று அறையவில்லை. அவன் நெற்றி வேர்த்தது. நான் காத்திருந்தேன். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். உண்டு என்றேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

பலகையில் எழுத வேண்டியதை எழுத மறந்துவிட்டேன்.

ஜூன் 6, செவ்வாய்

கோடியின் விளம்பரப் பலகைகள் எங்கள் தெருமுனைவரை வந்துவிட்டன. சாலைக்குச் சரிந்த கோணத்தில் நட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். நேராக நட்டிருக்கிறார்கள். ஜெயித்துவிடுவான், அது வேறு.

ஜூன் 14, புதன்

மருத்துவமனையிலிருந்து ஃபோன். குடல் பரிசோதனை, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வழக்கமானதுதான். மயக்க மருந்து கொடுப்பதால் வீட்டுக்கு அழைத்துப் போக ஒருவர் வந்தே ஆக வேண்டும்.

"டாக்ஸியில போய்க்கறேன்."

"டாக்ஸி கூடாது சார். தெரிஞ்சவங்க யாராவது. பேரு சொல்றீங்களா?"

பிறகு கூப்பிடுவதாகச் சொன்னேன்.

ஜூன் 16, வெள்ளி

வேண்டாம் என்று ரத்து செய்துவிடலாமா? அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். ஒருவேளை எதுவும் இருக்காது.

அப்பாவுக்கும் ஒன்றும் இருக்காது என்றுதான் சொன்னார்கள்.

ஜூன் 20, செவ்வாய்

நடீனின் வகுப்பறைக்குப் போனேன். மாணவர்கள் போன பிறகு மார்க்கர்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மே மாதத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது தலையசைப்பில்தான். யோசித்து வைத்திருந்த முன்னுரை எல்லாம் வாசலிலேயே போய்விட்டது.

"ஒரு பரிசோதனை இருக்கு. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஒருத்தர் வேணும். நீ வர முடியுமா?"

மார்க்கரை மூடினாள். "எப்போ?"

"இருபத்தொன்பது. வியாழன்."

"அன்னிக்கு முடியாது. ரிச்மண்ட் போறேன், தங்கச்சி வீட்டுக்கு."

முடியாது. கேட்டேன், முடியாது என்றாள். தரை பிளக்கவில்லை. சரி, பரவாயில்லை என்று திரும்பினேன்.

"எங்க போறே? தேதியை மாத்த முடியாதா உன்னால?" என்றாள் முதுகுக்குப் பின்னால். "அதுக்கு அடுத்த வாரம் எந்த நாளும் வரேன். நாலாம் தேதி மட்டும் வேண்டாம், சுதந்திர தினம், பட்டாசு டிராஃபிக்."

ஜூன் 21, புதன்

மருத்துவமனையைக் கூப்பிட்டுத் தேதியை மாற்றினேன். ஜூலை 6. அழைத்துப் போகிறவர் பெயரைக் கேட்டாள் அந்தப் பெண். சொன்னேன். உறவு என்ன என்றாள்.

கூட வேலை செய்கிறவர் என்றேன்.

போதும் என்றாள்.