இருபத்து மூன்று நாள் கணவர்

வெஸ்ட்மீட், ஜூலை 27

அன்புள்ள அம்மாவுக்கு வைதேகி எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

நேற்று ஆஸ்பத்திரியில் வேலை இடைவேளையில் போனில் வருமான வரிப் படிவம் நிரப்ப ஆரம்பித்தேன். இங்கே ஜூன் முப்பதோடு வரி வருஷம் முடிகிறது. ஜூன் எட்டாம் தேதி கல்யாணமான எனக்கு இந்த வருஷம் கணவர் இருந்தது இருபத்து மூன்று நாள்தான்.

“அதையும் போடணும்டி” என்றாள் கூட வேலை பார்க்கும் கேத்ரின். ஆசையாக அவர் பெயரை அடித்தேன். அடுத்து அவர் பிறந்த தேதி கேட்டது. எனக்கு நட்சத்திரம்தான் தெரியும். கேத்ரின் சிரித்ததில் வார்டே திரும்பிப் பார்த்தது.

அவரிடம் கேட்க வெட்கம். உன்னிடம் போனில் கேட்டால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய். ஜாதகத்தைப் பார்த்துத் தேதியை அனுப்பு. அவர் இங்கே வர விசா எப்போது கிடைக்குமோ, அவர் பெயர் முதலில் வந்துவிட்டது.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. நேற்றிலிருந்து படிவத்தை அனுப்பாமல், போனில் அந்தப் பெயரைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.