கருவாட்டுக் குழி

5.8.1998
புதிதாக வந்த விஷாகா டீச்சர் இன்று தன் ஐந்தாம் வகுப்பை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனாள். "காட்டுக்குக் குப்பை வண்டி வருதா? அப்போ உதிர்ந்த இலையெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டாளாம். இலையைப் புழு தின்னும், புழு போட்டது மண்ணோடு சேரும், அந்தச் சத்தை வேர் எடுக்கும், மறுபடியும் இலை. இதைத்தானே நான் பதினாலு வருஷமாக போர்டில் எழுதிப்போடுகிறேன்? ஒரு பிள்ளை கைதட்டியதில்லை. அவளுக்குத் தட்டியது என் வகுப்புவரைக்கும் கேட்டது.

7.8.1998
உரக்குழி தோண்டியிருக்கிறாள். சத்துணவு மிச்சம், சருகு, சாணி. இடைவேளை விட்டால் என் பிள்ளைகளும் அங்கேதான். என் வகுப்பு ஜெனிஃபர்கூட!

10.8.1998
"செங்கல்பட்டு அறிவியல் கண்காட்சிக்கு இந்த வருஷம் விஷாகாவை அனுப்பலாமா, சாராள்?" — ஹெட்மாஸ்டர். ஆறு வருஷமாக நான் போய்வந்த கண்காட்சி. "நானும் குழி வைக்கிறேன் சார், எது நல்லா வருதோ அது போகட்டும்" என்றுவிட்டேன். இந்த வாய் சும்மா இருக்காதா?

12.8.1998
மீன் உரத்துக்கு ஈடு உண்டா? ஆளுக்கொரு பை மீன் தலை கொண்டுவரச் சொன்னேன். பச்சை மீன் தலை குழம்புக்குப் போய்விடுமாம். வந்ததெல்லாம் கருவாட்டுத் தலை. மீன் மீன்தானே! சருகோடு இரண்டு கூடை கொட்டி, மழை இறங்காமல் தகரம் போட்டு மூடினோம்.

12.10.1998
அவள் குழியில் கறுப்பு மண். வயிறு எரியுது. கர்த்தரே, மன்னியும்.

13.10.1998
எங்கள் குழியைத் திறந்தோம். போட்டது போட்டபடி. ஒரு புழு இல்லை.

ஜெனிஃபர் சொல்கிறாள்: "புழு வைக்கக் கூடாதுன்னுதானே டீச்சர் எங்கம்மா கருவாட்டுக்கு உப்பு போடுது? இங்க மட்டும் எப்படி வரும்?"

கருவாடு காயுற இந்தப் புதுப்பட்டினத்துலயே பொறந்து வளந்தவ நான். எனக்குத் தோணலையே. சீ!

14.10.1998
விஷாகா வந்தாள். சிரிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். "உங்க குழியிலயும் ஒரு பானை அள்ளிக்கலாம்க்கா. எது மக்கும், எது மக்காதுன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சாதான் பசங்களுக்குப் புரியும். ரெண்டு பேருமே போலாம்."

நல்லவளா வேற இருந்து தொலைக்கிறா. அதுக்கும் பொறாமையா இருக்கு.

30.10.1998
செங்கல்பட்டு. அவள் பானையை எட்டிப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளெல்லாம் என் பானையைச் சுற்றிக்கொண்டார்கள். "இது ஏன் டீச்சர் அழுகல?" என் முட்டாள்தனத்தைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. கைதட்டல் வேறு.

பஸ் ஸ்டாண்டில் விஷாகாவுக்கு டீ வேண்டாமாம். தலைவலியாம்.

எனக்குத் தெரியாத தலைவலியா? சன்னலோர இடத்தை அவளுக்கு விட்டேன்.