டாக்டர் கேட்கும் ஐந்து சொற்கள்

என் கையுறைகளை மாட்டிக்கொண்டு நம் கால்பந்து அணியின் கோலில் நிற்பவளுக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று. நான்கு வரி தாண்டினால் எழுத்தெல்லாம் நீந்துகிறது. வெளிச்சம் ஆகாமல் ஜன்னலில் போர்வை கட்டியிருக்கிறேன். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்பே அம்மா ஓடிவந்து கதவைச் சாத்துகிறாள்.

சனிக்கிழமை உன் தலை கம்பத்தில் இடித்ததாம், ஒன்றுமில்லையாம். மறுபடி ஆட விடுவதற்கு முன் டாக்டர் கேட்கும் ஐந்து சொற்களை மட்டும் எழுதி அனுப்பச் சொல்கிறாய்.

தலையில் அடிபட்டு வரும் எல்லாரிடமும் அவர் அதே ஐந்தைத்தான் சொல்லி, பத்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்பார். போன வருடம் எனக்கு முதல் அடி பட்டபோது, அணியே சேர்ந்து பஸ்ஸில் அவற்றைப் பாட்டாகப் பாடி எனக்கு மனப்பாடம் ஆக்கிவிட்டது. தடுமாறாமல் ஒப்பித்தேன். "தலை ஜோரா வேலை செய்யுதும்மா, போய் ஆடு" என்றார் டாக்டர். மறுவாரமே இரண்டாவது அடி.

நேற்று ஒருவர் வந்து வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "யாருன்னு தெரியுதா கண்ணு?" என்றார். தெரிந்தவள்போலச் சிரித்து வைத்தேன். அவர் போன பிறகு அம்மாதான் சொன்னாள், உன் அம்மாவாம். எத்தனை நாள் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன்!

அந்த ஐந்து சொற்கள் மட்டும் போகவே இல்லையடி. யாரும் கேட்காமலே வரிசையாக வந்து நிற்கின்றன, அதே பாட்டாக.

உனக்கு அவற்றை எழுத மாட்டேன். உன் அம்மாவை அடையாளம் தெரிகிற தலையோடு என்னைத் திட்டிக்கொண்டே இரு.

இப்படிக்கு,
உனக்கு முன்னால் அங்கே நின்றவள்