உருட்டுப் பந்துகளும் அண்ணாவின் லேத்தும்

2012 செப்டெம்பர் 11

நிக்கொலஸ் சிலாபத்திலிருந்து மூன்று சாக்குப் பந்துகளைக் கொண்டுவந்து பெரியப்பாவின் மரக்கடைசல் பட்டறையில் கொட்டினார். பழைய சாமான் வியாபாரி அவர். மலைநாட்டில் மூடிய ஏதோ கிளப்பில் வாங்கினாராம். வெள்ளைக்காரர் புல்வெளியில் உருட்டி விளையாடிய மரப் பந்துகள். மரத்தின் பெயர் லிக்னம் வீட்டே. எங்கள் வாயில் அது இரும்புக்கட்டை ஆகிவிட்டது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வெள்ளை வட்டம், அதில் ஏதோ துரையின் பெயரெழுத்து. துரையின் பந்துக்குப் பெயர் இருக்கிறது. அவருக்குக் கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, இருக்கும் லய வீட்டுக்கு இன்றும் காணி உறுதி இல்லை.

படகு கட்டும் தச்சர்களுக்கு இதில் கொட்டாப்புளி வேண்டுமாம். மரச் சுத்தியலுக்கு இதைவிட நல்ல மரம் கிடையாதாம்.

“கௌசிகன் இருந்தா ஒரு கிழமையில முடிச்சிருப்பான்,” என்றார் பெரியப்பா. பிறகு சாக்குகளை உதறி மடித்தார்.

கௌசிகன் என் அண்ணா. ஆவணி தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவுக்குப் படகேறினான். இன்னும் ஒரு போன் இல்லை.

செப்டெம்பர் 12

பட்டறையில் பெரியப்பாவுக்குக் கைகொடுக்கிற தனஞ்சயன் ஒரு பந்தை வாளித் தண்ணீரில் போட்டான். நேரே அடியில் போய் இருந்தது. “பாரடி சாரு, மரம் தாழுது!” என்று சிரித்தான். தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா வாளியைப் பார்த்தாள். கோப்பைகளை வைக்காமலே திரும்பிப் போனாள்.

செப்டெம்பர் 17

கொட்டாப்புளிகளை நான் கடைகிறேன் என்று பெரியப்பாவிடம் சொன்னேன்.

“பொம்புளப் பிள்ள லேத்தில நிண்டா ஊர் என்ன கதைக்கும்?”

கரைவலையில் மீன் பிரிக்கலாம், வெயிலில் கருவாடு காயவைக்கலாம், கூடை சுமந்து கழுத்து முறியலாம். அதற்கெல்லாம் ஊர் ஒன்றும் கதைக்காது. அண்ணா கதவைச் சாத்திவிட்டு எனக்குக் கதிரைக் கால், மேசைக் கால் கடையப் பழக்கியிருக்கிறான். அதைச் சொன்னேன். பெரியப்பா நீண்ட நேரம் காதைக் குடைந்தார்.

“கதவு சாத்தியே இருக்கட்டும்.”

செப்டெம்பர் 21

முதல் பந்து. லேத் அண்ணாவின் உயரத்துக்கு வைத்தது, பலகை போட்டு நின்றேன். உளி பட்டதும் ஒரு வாசம் வந்தது, கோயில் எண்ணெய் மாதிரி, ஆனால் அதுவும் இல்லை. உள்ளே மண்ணிறம். பின்னேரம் பார்த்தால் சீவல் பச்சையாகிக் கிடக்கிறது. அண்ணா, இதை நீ பார்க்க வேண்டும்.

உளிப்பிடியில் அவன் பெருவிரல் தேய்த்த பள்ளம் இருக்கிறது. என் விரல் அதில் நிற்கவில்லை.

செப்டெம்பர் 28

வெட்கம். பைபர் படகு ஒட்டுகிற பசையால் உலகத்தில் எதையும் ஒட்டலாம் என்பது எங்கள் ஊர் உடப்பு ஆட்களின் நம்பிக்கை. செருப்பையும் அதால்தான் ஒட்டுவோம். கொட்டாப்புளிக்குப் பிடியையும் அப்படியே ஒட்டினேன். தனஞ்சயன் ஓங்கி அடித்துப் பார்த்தான். தலை கழன்று பறந்து தகரத்தை இடித்தது.

“வாளிக்குப் பழி வாங்கிறியோடி?”

மரத்தில் ஊறிய எண்ணெய் பசையை ஏற்கவில்லை. பிடியின் நுனியைப் பிளந்து ஆப்பு இறுக்கினேன். இப்போது அசையாது.

ஒக்டோபர் 9

போன் இல்லை.

ஒக்டோபர் 15

அண்ணா வந்தால் ஆடித் திருவிழாவில் தீ மிதிப்பான் என்று அம்மா நேர்ந்திருக்கிறாள். மிதிக்கப் போகிறவனை ஒருவரும் கேட்கவில்லை. நானும் மனதுக்குள் கும்பிட்டேன். கோபமாகக் கும்பிட்டேன். இவனை இந்தக் கடலில் இறக்கியது ஆர்? சண்டை முடிந்தது என்று கொடி பிடித்தவர்கள் இவனுக்கு ஒரு வேலை காட்டினார்களா?

ஒக்டோபர் 23

தச்சர்கள் இன்னும் கொட்டாப்புளிகள் கேட்கிறார்களாம். ஆர் கடைந்தது என்று நிக்கொலஸ் கேட்டார். “எங்கட பொடியன் ஒருத்தன்,” என்றார் பெரியப்பா. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

நவம்பர் 30

அண்ணாவின் குரல்! கொழும்பிலிருந்து. ஏதோ தீவில் அடைத்து வைத்து, விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். “சாரு, அம்மாட்ட குடு,” என்றான். குடுக்காம நானே போனைக் காதோட அழுத்திக்கொண்டு நிண்டன். உயிரோட இருக்கிறான். இருக்கிறான்.

டிசம்பர் 5

கள்ளப் படகேறின வழக்கில் பிடித்து வைத்திருந்தார்கள், பிணையில் வந்துவிட்டான். தோள் எலும்பு தெரிகிறது. மீன் குழம்பு ஊற்றினேன். சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். “என்னடி, பேயைப் பார்க்கிற மாதிரி?” என்றான். சிரித்தோம்.

டிசம்பர் 10

பட்டறைக் கதவு இன்று விரியத் திறந்திருந்தது. அண்ணா லேத்தில் நின்றான். நான் போட்ட பலகை சுவரில் சாய்ந்திருந்தது.

என் கொட்டாப்புளியைத் தூக்கிப் பார்த்து, “நல்லாச் செய்திருக்கிறாய்,” என்றான். மனமாரத்தான் சொன்னான்.

“இனி என்ன பிள்ள, நீ அம்மாவுக்கு உதவியா இரு,” என்றார் பெரியப்பா.

அண்ணா ஏதாவது சொல்வான் என்று நின்றேன். அவன் உளியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

டிசம்பர் 13

பட்டறை வேலிக்கு அந்தப் பக்கம்தான். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருக்கிறேன். இரும்புக்கட்டை கீச்சிடுகிறது. சத்தத்திலேயே தெரிகிறது, உளி மழுங்கிவிட்டது. ஏன் இன்னும் நிறுத்தித் தீட்டாமல் நிற்கிறான்?