ஜெனரலின் சிவப்புக் கோட்டுக்குள் நான்

லண்டன், நவம்பர் 1781

அன்புள்ள அம்மாவுக்கு, ஜாஸ்பர் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

ஜெனரல் லாட்பரியின் முகத்தை எங்கள் ஓவியர் இரண்டே நாளில் வரைந்துவிட்டார். மீதி உடம்புக்கு, ஜெனரலின் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு நான்தான் நிற்கிறேன். ஜெனரலோ என் பக்கத்தில் உட்கார்ந்து நாடகம் எழுதுவார். "வீட்ல என்னப்பா எழுதிருக்காங்க?" என்று அன்பாகக் கேட்பார். உங்கள் கடிதங்களைப் படித்துக் காட்டினேன்.

சனிக்கிழமை அவருடைய நாடகத்துக்கு எனக்கு இலவசச் சீட்டு கொடுத்தார். மேடையில் ஒரு தாய் தன் மகனிடம், "கம்பளிச் சட்டையக் கழட்டுன, உங்கப்பன்கிட்டயே போய்ச் சேந்துருவ" என்றாள். அரங்கமே சிரித்தது. அது யாருடைய வார்த்தை என்று உறைப்பதற்குள் நானும் சிரித்துவிட்டேன், அம்மா.

திங்கட்கிழமை வந்ததும் கேட்டார்: "அம்மா புதுசா ஏதும் எழுதலியா?"

"இல்லைங்க" என்றேன். உங்கள் கடிதம் அந்தக் கோட்டுக்குள்தான் இருந்தது.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். நிறைய எழுதுங்கள், இனி யாருக்கும் காட்ட மாட்டேன். நிற்கக் கூப்பிடுகிறார்கள். இது இரண்டாவது படம். இதில் ஜெனரல் அந்த நாடகப் பிரதியைக் கையில் பிடித்திருக்கிறார். முகம் அவருடையது. கை என்னுடையது.

உங்கள் மகன்,
ஜாஸ்பர்